ஒரே மரம், 12 வகுப்புகள்: அரசுப் பள்ளியில் கலைச் செயல்திட்டங்களை வகுப்புக்கு ஏற்ப அமைப்பது எப்படி?

பள்ளி முழுவதற்கும் ஓர் ஓவிய ஆசிரியர் மட்டுமே இருக்கும் இடங்களில் ஒரு பழக்கம் ஓசையில்லாமல் வேரூன்றிவிடுகிறது. கரும்பலகையில் இரண்டு மலைகள், அவற்றின் நடுவே பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் ஒரு வீடு, வீட்டருகே பஞ்சுருண்டை போல ஒரு மரம் என்று ஆசிரியர் வரைந்துவிடுவார். இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் அதைப் பார்த்து வரையும். எட்டாம் வகுப்பு மாணவரும் அதையே பார்த்து வரைவார். தாளின் அளவும் கோட்டின் சுத்தமும் மட்டுமே மாறியிருக்கும். ஆண்டுக்காண்டு இப்படியே கழிந்த பிறகு, மேல் வகுப்பில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து எதையாவது வரையச் சொன்னால், கைகள் தாமாகவே அந்த இரண்டு மலைகளைத்தான் போடுகின்றன.

இதற்கு மாற்றாக நான் பரிந்துரைப்பது எளிய ஏற்பாடு. ஒரு பருவம் முழுவதற்கும் பள்ளியின் எல்லா வகுப்புகளுக்கும் ஒரே பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அந்தப் பொருளைப் பற்றி ஒவ்வொரு வகுப்பிடமும் வேறொரு கேள்வியைக் கேளுங்கள். தயாரிப்பு வேலை குறையும், ஒரு வகுப்புக்கு வாங்கிய பொருள்கள் இன்னொரு வகுப்புக்கும் பயன்படும், பருவத்தின் முடிவில் எல்லாப் படங்களையும் ஒரே சுவரில் வரிசையாக வைக்கும்போது ஒரு குழந்தை பார்க்கக் கற்றுக்கொள்ளும் பாதை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கட்டுரையில் மரத்தையே பொருளாகக் கொண்டிருக்கிறேன். ஏறக்குறைய எந்தப் பள்ளியைச் சுற்றியும் ஒரு மரமாவது இருக்கும். அது அசையாமல் நிற்கும். அதை வரைவதில் தவறு நேர்ந்தாலும், மனித முகத்தில் நேர்ந்த தவறைப் போல உடனே சிரிப்புக்கு இடமாவதில்லை. கதவு, கை, காலணி, பறவை என்று வேறெதையும் எடுத்துக்கொள்ளலாம், முறை மாறாது.

நேரத்தையும் தாளையும் முதலில் கணக்கிடுங்கள்

நல்ல திட்டங்கள் பலவும் கற்பனைக் குறைவால் கெடுவதில்லை, கணக்குத் தவறுவதால்தான் கெடுகின்றன. பாடவேளை 40 நிமிடம் என்றால், பொருள்களை விநியோகிக்க 5 நிமிடமும், கழுவித் துடைத்து அடுக்க 10 நிமிடமும் கழியும். மீதி 25 நிமிடமே வேலைக்கு. வண்ணம் தீட்டும் நாளில் அது 20 நிமிடமாகச் சுருங்கும். ஆகவே ஒரு செயல்திட்டத்தை ஒரே பாடவேளையில் முடிக்க நினைக்காமல், தொடக்க வகுப்புகளில் 2 அல்லது 3 பாடவேளைகளாகவும், நடுநிலை வகுப்புகளில் 4 முதல் 6 வரையிலும், மேல்நிலையில் 8 அல்லது அதற்கு மேலும் பிரித்துக்கொள்வது நல்லது. இரண்டு பாடவேளைகள் அடுத்தடுத்து வருமாறு அட்டவணையில் கேட்டுப் பெற முடிந்தால், வண்ண வேலைகளுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

தாள் விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டுவது பெரும்பாலும் வீண் சிக்கனமாகவே முடிகிறது. நகலெடுக்கப் பயன்படும் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம்) தாளில் நீர் கலந்த வண்ணம் பட்டவுடன் தாள் சுருங்கி நெளியும். அதைத் தன் தவறு என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். பென்சில், கிரேயான் வேலைகளுக்கு அந்தத் தாள் போதும். போஸ்டர் கலருக்கு 150 ஜிஎஸ்எம் அளவிலான சார்ட் தாளை வாங்கி, பெரிய தாளாகக் கொடுக்க இயலாவிட்டால் பாதியாகவோ கால்பங்காகவோ வெட்டிக் கொடுங்கள். மெல்லிய தாளில் பெரிய படம் வரைவதைவிடத் தடித்த தாளில் சிறிய படம் வரைவது மேல். இதற்கு ஒரே விதிவிலக்கு 1, 2 ஆம் வகுப்புகள். அந்த வயதில் கை, மணிக்கட்டிலிருந்து அசைவதைவிடத் தோளிலிருந்தே அதிகம் அசைகிறது என்பதால் அவர்களுக்கு ஏ3 அளவுத் தாளும் தடித்த கிரேயானும் தேவை. பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் இதற்கு மிக நன்றாகப் பயன்படும்.

1, 2 ஆம் வகுப்புகள்: மரத்தைத் தொட்டால் எப்படி இருக்கும்?

இந்த வயதுப் பிள்ளைகள் தாங்கள் பார்ப்பதை வரைவதைவிடத் தங்களுக்குத் தெரிந்ததையே வரைகிறார்கள். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ்-ஆன்றி லூகே 1927-லேயே இதை விரிவாக விளக்கிவிட்டார். மரத்துக்கு வேர் உண்டு என்று தெரிந்த பிள்ளை, மண்ணுக்குள் இருக்கும் வேரையும் வெளியே தெரிவது போலவே வரையும். அதைத் திருத்த வேண்டியதில்லை. திருத்தவும் முடியாது, நீங்கள் போன பிறகு அது மீண்டும் வேரை வரையும்.

முதல் பாடவேளையில் பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்துச் சென்று, பட்டையின் மேல் மெல்லிய தாளை வைத்து, உறை நீக்கிய கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்கச் செய்யுங்கள். ஒருவர் தாளைப் பிடிக்க மற்றவர் தேய்க்க வேண்டும். ஒரே பிள்ளை இரண்டையும் செய்தால் தாள் நகர்ந்து உருவம் குழம்பிவிடும். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் தரைப் பலகையின் ரேகைகளின் மேல் தாளை வைத்துத் தேய்த்து அதைத் தம் ஓவிய முறையாகவே ஆக்கிக்கொண்டார் என்பதை ஆசிரியர் அறிந்திருந்தால் போதும். பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் பாடவேளையில் அந்தத் தேய்ப்புத் தாள்களைக் கையாலேயே கிழித்து, தண்டாகவும் கிளையாகவும் பெரிய தாளில் ஒட்டட்டும். கத்தரிக்கோலைவிடக் கிழித்த ஓரமே மரத்துக்குப் பொருத்தமாக அமையும். மூன்றாம் பாடவேளையில் வெள்ளை அல்லது மஞ்சள் கிரேயானால் அழுத்தி இலைகளை வரைந்து, அதன்மேல் நீர்த்த வண்ணத்தைப் பூசச் செய்யுங்கள். மெழுகு நீரை ஏற்காது என்பதால் மறைந்திருந்த இலைகள் திடீரென்று வெளிப்படும். வகுப்பில் எழும் ஆரவாரத்துக்கு அடுத்த அறை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

இங்கே ஒரே ஒரு விதி. பிள்ளையின் தாளில் ஆசிரியரின் பென்சில் படக் கூடாது. "எனக்கு வரைந்து கொடுங்கள்" என்று கேட்கும் பிள்ளையிடம் கேள்வி கேளுங்கள்: கிளை உன் கையைவிடத் தடிமனாக இருந்ததா, மெல்லியதாக இருந்ததா? மரத்தைக் கட்டிப்பிடித்தபோது உன் இரண்டு கைகளும் மறுபக்கம் தொட்டுக்கொண்டனவா? உடம்பால் அறிந்ததை நினைவூட்டினால் கை தானே நகரும்.

3, 4, 5 ஆம் வகுப்புகள்: பச்சை என்பது ஒரு நிறமா?

எட்டு வயதை ஒட்டிப் பிள்ளைகள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான குறியை உருவாக்கிக்கொள்கிறார்கள். தாளின் அடியில் ஒரு தரைக்கோடு, அதன்மேல் வரிசையாக நிற்கும் பொருள்கள், மேலே ஒரு பட்டையாக வானம், நடுவில் வெறுமை. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் லோவன்ஃபெல்ட், ஏறத்தாழ 7 முதல் 9 வயது வரையான இந்தக் கட்டத்தைக் குழந்தை ஓவிய வளர்ச்சியின் படிநிலைகளுள் ஒன்றாக 1947-இல் வகுத்துக் காட்டினார். தம் மரக்குறியைக் கண்டுபிடித்த பிள்ளை அதில் பெருமையோடு இருக்கும். அதைக் குறை சொல்லாமல், அந்தக் குறிக்குள் வேறுபாடுகளைத் தேட வைப்பதே இந்த வகுப்புகளின் வேலை.

நான் மூன்றாம் வகுப்பில் தொடங்குவது நிறத்தில். ஒவ்வொருவரும் வளாகத்திலிருந்து கீழே விழுந்த இலைகளில் 5 கொண்டுவர வேண்டும், ஐந்தும் ஒரே பச்சையாக இருக்கக் கூடாது. பிறகு மஞ்சள், நீலம், சிறிது சிவப்பு, சிறிது கறுப்பு ஆகிய நான்கு வண்ணங்களை மட்டும் கொடுத்து, அந்த ஐந்து பச்சைகளையும் கலந்து கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். பச்சை வண்ணப் புட்டியை அன்று அலமாரியிலேயே பூட்டி வைத்துவிடுங்கள். மஞ்சளில் நீலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடலாம். நீலம் வலிமையான நிறம் என்பதால், நீலத்தை முதலில் எடுத்து அதில் மஞ்சளைச் சேர்த்தால் மஞ்சள் புட்டி காலியான பிறகும் கரும்பச்சையே கிடைக்கும். பச்சையில் ஒரு துளி சிவப்பு விழுந்தால் அதன் பளிச்சென்ற தன்மை அடங்கி உண்மையான இலையின் நிறத்தை நெருங்குவதையும், மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தாலும் ஒருவகைப் பச்சை பிறப்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த பிள்ளை அதை வகுப்பு முழுவதற்கும் ஓடி ஓடிச் சொல்லும். ஆசிரியர் சொல்லியிருந்தால் அது ஒரு குறிப்பாக மட்டுமே நின்றிருக்கும். கலந்த ஒவ்வொரு நிறத்தையும் தாளில் ஒரு கட்டத்தில் தீட்டி, உரிய இலையைப் பக்கத்தில் ஒட்டி, தாமே ஒரு பெயர் வைக்க வேண்டும். "மழைக்கு முந்தைய பச்சை" என்று ஒரு சிறுமி எழுதியிருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

நான்காம் வகுப்பில் இலை அச்சு. இலையின் அடிப்பக்கத்தில்தான் நரம்புகள் புடைத்திருக்கும் என்பதால் அந்தப் பக்கத்தில் வண்ணத்தை மெல்லியதாகப் பூசி, தாளின்மேல் கவிழ்த்து, மேலே இன்னொரு தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். வண்ணம் அதிகமானால் நரம்பு தெரியாது, வெறும் கறைதான் விழும்; ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றிப் பூசுவது இதற்கு நல்ல தீர்வு. ஒரே இலையைப் புதிய வண்ணம் பூசாமல் மூன்று முறை அச்சிட்டால் அடர்த்தி படிப்படியாகக் குறையும். அடர்ந்தது முன்னால் இருப்பது போலவும் மங்கியது பின்னால் இருப்பது போலவும் தோன்றுவதைக் காட்டினால், நிறத்தால் தொலைவைக் காட்டும் முதல் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

ஐந்தாம் வகுப்பில் ஒன்றையொன்று மறைக்கும் மரங்கள். பத்து வயதை நெருங்கும்போது தரைக்கோடு மறைந்து தரை ஒரு பரப்பாக மாறத் தொடங்கும். மூன்று அளவுகளில் மரங்களைத் தனித்தாளில் வரைந்து வெட்டி, பெரிய தாளில் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்து, திருப்தியான பிறகு ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு முன் குறைந்தது நான்கு விதமாக வைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். பசையை அதுவரை கொடுக்க வேண்டாம்.

6, 7, 8 ஆம் வகுப்புகள்: பார்ப்பதும் வரைவதும் ஏன் பொருந்தவில்லை?

எல்லாச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் மாணவரின் கண் அவருடைய கையைவிட வேகமாக வளர்ந்துவிடுகிறது. தம் படம் மரத்தைப் போல இல்லை என்பது தெரிகிறது, ஏன் இல்லை என்பது தெரியவில்லை. அழிப்பான் அதிகம் செலவாகும் காலம் இது. தாளைக் கையால் மூடிக்கொண்டு வரையும் காலமும் இதுவே. இந்த மூன்றாண்டுகளில் கைவிடும் மாணவர் பிறகு தூரிகையைத் தொடுவது அரிது என்பதால், ஒரு பள்ளியில் ஓவியத்துக்கு ஒதுக்க முடிந்த நேரம் குறைவாக இருந்தால் அதில் பெரும்பகுதியை இந்த வகுப்புகளுக்கே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

"நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஆறுதல் சொல்வதால் பயனில்லை. மாணவருக்கு உண்மை தெரியும். அவருக்கு வேண்டியது நுட்பம். ஆறாம் வகுப்பில் மூன்று பயிற்சிகளை அடுத்தடுத்து வைக்கலாம். முதலாவது, தாளைப் பார்க்காமல் வரைவது. கண் ஒரு கிளையின் விளிம்பில் எறும்பு ஊர்வது போல மெதுவாக நகர, பென்சில் அதே வேகத்தில் தாளில் நகர வேண்டும். தாளைக் குனிந்து பார்க்கவே கூடாது. இப்பயிற்சி 1941 முதல் கிமோன் நிக்கோலாய்டிஸ் என்னும் ஆசிரியரின் பெயரோடு பரவலாக அறியப்படுகிறது. எல்லோருடைய படமும் கோணலாகவே வரும் என்பதால் யாரும் யாரையும் கேலி செய்ய இயலாது. ஆனால் அந்தக் கோணல் கோட்டில் கணுவும் வெடிப்பும் வளைவும் பதிந்திருக்கும்; முந்தைய வாரம் வரைந்த மரத்தில் அவை இருந்திருக்காது. இரண்டையும் அருகருகே வைத்து, எதில் மரம் அதிகம் இருக்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது, கிளைகளை விட்டுவிட்டு, கிளைகளுக்கு இடையே தெரியும் வானத்துண்டுகளை மட்டும் வரைவது. தபால் அட்டை அளவுள்ள அட்டையின் நடுவில் 6 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமும் உள்ள சன்னலை வெட்டி, ஒரு கண்ணை மூடி அதன் வழியாகப் பார்க்க வேண்டும். கிளைக்கு மாணவரின் மனத்தில் ஏற்கெனவே ஒரு உருவம் இருக்கிறது. அந்த உருவம் கையை வழிநடத்திவிடுகிறது. வானத்துண்டுக்கு அப்படி எந்த முன் உருவமும் இல்லை. ஆகவே அதைப் பார்த்துத்தான் வரைய வேண்டியிருக்கும். முடிந்ததும் துண்டுகளை அடர்த்தியாகக் கறுப்பாக்கினால் நடுவே வெள்ளையாகக் கிளைகள் எழுந்து நிற்கும். தனக்கு வரைய வராது என்று உறுதியாக நம்பிய மாணவர்கள் தம் தாளைத் தாமே வியந்து பார்ப்பதை நான் அதிகம் கண்டது இந்தப் பயிற்சியில்தான்.

மூன்றாவது, தலைகீழ் வரைதல். ஒரு மரத்தின் கோட்டுப்படத்தைத் தலைகீழாக மேசையில் வைத்து அப்படியே பார்த்து வரைவது. 1979-க்குப் பிறகு பெட்டி எட்வர்ட்ஸ் என்னும் அமெரிக்க ஆசிரியரால் இது உலகெங்கும் பரவியது. அவர் அதற்குச் சொன்ன மூளையின் இடது, வலது பக்கக் காரணத்தை இன்றைய மூளையியல் அப்படியே ஏற்பதில்லை என்றாலும், பயிற்சி பலன் தருகிறது.

ஏழாம் வகுப்பில் அச்சுக்கட்டை. லினோ தகடு (செதுக்குவதற்கு ஏற்ற மென்மையான லினோலியத் தகடு) கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தடித்த அட்டையின்மேல் வெட்டிய அட்டைத் துண்டுகளையும் நூலையும் ஒட்டி, உலர்ந்தபின் ரோலரால் மை தடவி அச்சிடலாம். லினோ செதுக்குவதாக இருந்தால் ஒரே நேரத்தில் 8 பேருக்கு மேல் கத்தியைக் கொடுக்காதீர்கள். தகட்டைப் பிடிக்கும் கை எப்போதும் கத்தி நகரும் திசைக்குப் பின்னால் இருக்க வேண்டும். மேசை விளிம்பில் மாட்டும் ஒரு தடுப்புக்கட்டையை மரவேலை தெரிந்தவரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். குளிரில் இறுகிய லினோவை வெயிலில் சிறிது நேரம் வைத்தால் மென்மையாகும். அச்சில் வலமும் இடமும் மாறும் என்பதை முதலில் சொல்லாமல் விட்டுவிடுங்கள். தம் பெயரைச் செதுக்கிய மாணவர் அன்றே கற்றுக்கொள்வார், வகுப்பு முழுவதும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளும்.

எட்டாம் வகுப்பில் கூட்டு ஓவியம். 40 மாணவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏ3 தாளில் 40 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் உள்ள ஒரு மரப்படத்தை வகுப்பே சேர்ந்து முடிவு செய்து, அதை 5 செ.மீ. சதுரங்களாகப் பிரித்தால் 8 நிரல், 5 வரிசை, மொத்தம் 40 கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொருவரும் தம் கட்டத்தை 25 செ.மீ. சதுரமாக, ஐந்து மடங்கு பெரிதாக்கி வரைந்தால், சுவரில் 2 மீட்டர் அகலமும் 1.25 மீட்டர் உயரமும் உள்ள மரம் நிற்கும். கட்டங்களின் பின்பக்கம் எண்ணும் மேல்நோக்கிய அம்புக்குறியும் இடாவிட்டால் ஒட்டும் நாளில் பெரும் குழப்பம் நேரும். விளிம்புக் கோடு பக்கத்துக் கட்டத்தின் கோட்டோடு சந்திக்கும் இடத்தை இருவரும் சேர்ந்து அளந்து குறிக்க வேண்டும். வண்ணத்தை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். கோடுகள் பொருந்தி நிறங்கள் பொருந்தாமல் நிற்கும் அந்த மரம், எல்லாமே பொருந்திய மரத்தைவிட அழகாக இருக்கும்.

9, 10 ஆம் வகுப்புகள்: மரம் எந்த விதிப்படி வளர்கிறது?

இங்கே அறிவியலையும் கணக்கையும் தயங்காமல் உள்ளே அழைக்கலாம். ஒரு மரத்தின் எந்த உயரத்தில் பார்த்தாலும், அங்கே உள்ள கிளைகளின் தடிமனை எல்லாம் ஒன்றுசேர்த்தால் அடித்தண்டின் தடிமனுக்குச் சமமாக இருக்கும் என்று லியோனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் எழுதினார். இது துல்லியமான சட்டமன்று, நல்ல தோராயம். விட்டத்தைக் கூட்டாமல் குறுக்குவெட்டுப் பரப்பைக் கூட்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நூலால் கிளைகளின் சுற்றளவை அளந்து இதைச் சரிபார்க்கட்டும்.

பிறகு அதே விதியைக் கம்பியில் கட்டலாம். ஏறத்தாழ 1 மி.மீ. தடிமனுள்ள மென்மையான அலுமினியக் கம்பியை 40 செ.மீ. துண்டுகளாக 16 எடுத்து, பாதி உயரம் வரை ஒன்றாக முறுக்கினால் அது தண்டு. அங்கிருந்து 9, 7 என்று இரண்டாகப் பிரித்து முறுக்கினால் பெருங்கிளைகள். அவற்றை மீண்டும் 5, 4 எனவும் 4, 3 எனவும் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் 16 நுனிகள் நிற்கும். எந்த உயரத்தில் எண்ணினாலும் கம்பிகள் 16 தான். விதி கைக்குள் வந்துவிடும். சரிபாதியாக 8, 8 எனப் பிரித்தால் மரம் செயற்கையாகத் தோன்றுவதையும் அவர்கள் கவனிப்பார்கள். கம்பி நுனிகளை உள்நோக்கிச் சிறு வளையமாக மடக்கிவிடுவது கண்ணுக்குப் பாதுகாப்பு. அடியில் உள்ள கம்பிகளை வேர்களாக விரித்து ஒரு கல்லைக் கவ்வச் செய்தால் தனி அடிப்பலகை தேவையில்லை.

பத்தாம் வகுப்பில் பர்ஸ்பெக்டிவ், அதாவது தொலைவில் உள்ளவை சிறிதாகத் தெரிவதைத் தாளில் கொண்டுவரும் முறை. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுளோரன்ஸ் நகரில் கட்டடக் கலைஞர் புரூனலெஸ்கி செய்து காட்டிய இம்முறையை 1435-இல் ஆல்பெர்ட்டி எழுத்தில் வகுத்தார். சாலையோரத்தில் ஒரே உயரமுள்ள மரங்களின் வரிசை இதற்கு மிகப் பொருத்தமான பாடம். அடிவானக் கோட்டில் ஒரு மறையும் புள்ளியைக் குறித்து, முதல் மரத்தின் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் அப்புள்ளிக்குக் கோடுகள் இழுத்தால், மற்ற மரங்களின் உயரம் அந்த இரண்டு கோடுகளுக்குள் அடங்கும். இடைவெளியைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டாவது மரத்தை ஊகித்து வைத்துவிட்டு, அதன் நடுப்புள்ளியைக் குறியுங்கள். முதல் மரத்தின் உச்சியிலிருந்து அந்த நடுப்புள்ளி வழியாக ஒரு கோட்டை நீட்டினால், அது தரைக்கோட்டைத் தொடும் இடம்தான் மூன்றாவது மரத்தின் அடி. இதையே தொடர்ந்து செய்தால் மறையும் புள்ளி வரை மரங்கள் ஒழுங்காக நெருங்கிச் செல்லும். தேர்வு நெருக்கடியால் நேரம் கிடைக்காவிட்டால், பத்தாம் வகுப்புக்கு இந்த ஒரு பயிற்சி மட்டும் போதும்.

11, 12 ஆம் வகுப்புகள்: உன் மரம் எது?

இனி கேள்வியை மாணவரே உருவாக்க வேண்டும். ஆசிரியர் வைக்க வேண்டியது இரண்டே நிபந்தனைகள்: ஒரே பொருளை வைத்துக் குறைந்தது 5 படைப்புகள் கொண்ட ஒரு தொடராக அது அமைய வேண்டும், ஒவ்வொரு படைப்பும் முந்தையதிலிருந்து ஏன் மாறியது என்பதற்குக் குறிப்பேட்டில் பதில் இருக்க வேண்டும். இதற்கு டச்சு ஓவியர் மோண்ட்ரியானைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1908-இல் அவர் தொடங்கிய சிவப்பு மரத்தில் கிளைகள் கிளைகளாகவே இருக்கின்றன. 1911-இல் வரைந்த சாம்பல் மரத்தில் அவை வளைகோடுகளாகப் பின்னிக்கொள்கின்றன. 1912-இல் வரைந்த பூத்த ஆப்பிள் மரத்தில் மரம் என்று சொன்னால் மட்டுமே மரம் தெரிகிறது. இம்மூன்றையும் பெயரும் ஆண்டும் மறைத்துக் காட்டி, எது முதலில் வந்தது என்று வாதிடச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதாது.

ஒளிப்படத்தில் ஆர்வமுள்ளவர் ஒரே மரத்தை ஒரே இடத்தில் நின்று வெவ்வேறு நேரங்களில் எடுக்கலாம். வேதியியல் ஆய்வகத்தின் உதவி கிடைக்குமானால், ஆங்கிலத் தாவரவியலாளர் ஆனா அட்கின்ஸ் 1843-இல் கடற்பாசிகளைப் பதிவு செய்யப் பயன்படுத்திய நீல அச்சு முறையில் இலைகளைச் சூரிய ஒளியிலேயே பதிக்கலாம். ஆனால் புதிய ஊடகங்களைக் குவிப்பதைவிட, தெரிந்த ஓர் ஊடகத்தில் ஆழமாகச் செல்வதையே நான் ஊக்குவிப்பேன்.

மதிப்பெண் கொடுப்பது

அழகுக்கு மதிப்பெண் கொடுத்தால், வீட்டில் வசதியும் பயிற்சியும் உள்ள சில பிள்ளைகளே ஆண்டுதோறும் முதலிடத்தில் இருப்பார்கள். 20 மதிப்பெண் என்றால், சோதனைத் தாள்களுக்கும் கைவிட்ட முயற்சிகளுக்கும் 8, பொருளைக் கவனித்ததற்கான சான்றுகளுக்கு 6, முடிந்த படைப்புக்கு 4, தம் படைப்பைப் பற்றிப் பேசியதற்கோ எழுதியதற்கோ 2 என்று நான் பிரிக்கிறேன். இந்தப் பிரிவினையை வேலை தொடங்கும் முன்பே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். கசங்கிய தாளுக்கும் மதிப்பெண் உண்டு என்று தெரிந்த வகுப்பில் குப்பைக்கூடை காலியாகவே இருக்கும். 5-ஆம் வகுப்பு வரை எண்ணால் மதிப்பிட வேண்டியதே இல்லை. தேதியிட்ட ஒரு வரிக் குறிப்பு போதும்.

படங்களைப் பற்றி வகுப்பில் பேசும்போது அமெரிக்கக் கலைக் கல்வியாளர் எட்மண்ட் ஃபெல்ட்மன் வகுத்த வரிசை உதவும்: முதலில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்வது, பிறகு அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது, பிறகு அதன் பொருள், கடைசியில்தான் நன்றா இல்லையா என்பது. சின்ன வகுப்புகளில் முதல் படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சுவரில் வைக்கும் நாள்

எல்லா வகுப்புகளின் மரங்களையும் ஒரே நீண்ட சுவரில் 1-இலிருந்து 12 வரை இடமிருந்து வலமாக வையுங்கள். சிறந்தவற்றை மட்டும் பொறுக்கினால் இந்தச் செயல்திட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும். இடமில்லை என்றால் ஒவ்வொரு வகுப்பிலும் குலுக்கல் முறையில் 10 படங்களை எடுத்து வைத்து, வாரத்துக்கொரு முறை மாற்றுங்கள். தொடக்க வகுப்புப் படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பெரியவர்கள் குனிந்து பார்க்கட்டும். படத்தின் கீழே பெயரும் வகுப்பும் மட்டும் போதாது. பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை அதன் சொல்லிலேயே எழுதுங்கள். படத்துக்கு நேர் வெயில் படாத சுவராகப் பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த வண்ணங்கள் சில வாரங்களிலேயே வெளுத்துவிடும்.

சுவரிலிருந்து படங்களை இறக்கும் நாளில் அவற்றை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கைப்பேசியில் ஒளிப்படமாக வகுப்புவாரியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து மட்டும், பெற்றோரின் ஒப்புதலோடு, சில மூலப்படங்களை அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பெயரும் ஆண்டும் எழுதி அலமாரியின் மேல்தட்டில் பத்திரப்படுத்துங்கள். அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் கூட்டு ஓவியத்துக்கான கட்டங்களை அளக்கத் தொடங்கும் அன்று, அந்த அட்டைகளை அவர்கள் மேசையில் பிரித்து வைக்க வேண்டியிருக்கும்.